அரை மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் குளிரில் முனகுகிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் அத்தானுக்கு இருமல் விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை ஒழுங்காகத் தூங்குகிறாரா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாஸ். நாற்பது கேள்வியில் முப்பத்தொன்பது சரி. அந்த ஒன்றிலும் கேள்விதான் தப்பு என்று எனக்கு இன்னமும் சந்தேகம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு முதலாளி மருந்துக்கடை வாசலுக்கு நேராக மாட்டிவிட்டார். மாப்பிள்ளை சாப்பிடும் இந்த மாத்திரையைக் கொடுக்கும் அனுமதி இனி எங்கள் கடைக்கு உண்டு. பொறுப்பாளர் நான். உங்கள் ஊரில் ஒரு கடைக்கும் அனுமதி இல்லாததால், மாப்பிள்ளைக்கு வேண்டியதை நான் தபாலில் அனுப்புவேன். முதல் மாத்திரை பெட்டி இதோடு வருகிறது.

இப்போது காதைத் தீட்டிக்கொள். அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்த, வேறு எந்த மருந்துக்கும் அடங்காத அந்தக் குரல்களை இது அடக்கியது, உண்மை. ஆனால் சிலர் உடம்பில் இது ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் தின்றுவிடும். வெள்ளை அணு இல்லாதவனுக்குத் தொண்டைப் புண் வந்தால் நாலே நாளில் ஆளை முடித்துவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். லேப் தரும் அசல் சீட்டு என் கைக்கு வர வேண்டும்; போனில் எடுத்த படம் செல்லாது. வெள்ளை அணு எண்ணிக்கையை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் அடுத்த பெட்டிக்கு உத்தரவு கிடைக்கும். மூவாயிரத்துக்குக் கீழே போனால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும், அப்புறம் இந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது. சீட்டு இல்லையென்றால் மாத்திரை இல்லை. தங்கை என்று பார்க்க மாட்டேன்.

போனில் பேசினால் "யாரு, என்னைப் பத்தியா?" என்று அவர் கேட்பதாக நீதான் சொன்னாய். அதனால் சீட்டோடு நாலு வரி எழுதிப் போடு. மாத்திரை பெட்டி ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒற்றடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பெட்டி வந்தது. நேற்று இவரை லேபுக்கு அழைத்துப் போனேன். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, ஆனால் கையை இழுக்கவில்லை. சீட்டு இதற்குள் இருக்கிறது. வெள்ளை அணு 6200. சந்தோஷமா?

போன வருஷம் இதே மாதம் ஜன்னல்களுக்கு ஆணி அடித்துவிட்டு, என்னையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்த மனிதர், இன்று காலையில் டிபன் டப்பாவோடு அச்சகத்துக்குப் போனார். பழைய நாற்காலி, பழைய சிவப்புப் பேனா. பிழை திருத்த அவரைவிட்டால் ஆள் இல்லை என்று மேலாளர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். இது போதும் அக்கா எனக்கு.

உன் கடிதம் மேசையில் கிடந்தது, அவரே எடுத்துப் படித்துவிட்டார். கோபப்படவில்லை. நீ "மாத்திரை பெட்டி" என்று எழுதிய இரண்டு இடத்திலும் சிவப்பு மையால் ஒரு "ப்" போட்டு வைத்தார். "உங்க அக்கா பரீட்சையில முப்பத்தொம்பது வாங்கட்டும். ஒற்றுல பூஜ்யம்" என்றார். எத்தனை நாளாயிற்று தெரியுமா, அவர் கிண்டல் செய்து!

உடம்பைக் கவனி.

உன் தங்கை


ஜனவரி 29

அன்புள்ள தங்கைக்கு,

யாவரும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளை நலத்தையும் எழுது.

ஒற்றில் பூஜ்யம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி ஒழுங்காகவே எழுதுகிறேன். ஆனால் ஒன்று. அவர் கையில் சிக்கும் கடிதத்தில் நான் எதையும் மனம்விட்டுக் கேட்க முடியாது. இனிமேல் உன் பள்ளி அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன். மாத்திரைப் பார்சலும் அங்கேயே வரும்.

மாத்திரையை உன் கண் முன்னால் விழுங்குகிறாரா? நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. தண்ணீர் குடித்ததும் ஏதாவது பேச்சுக் கொடு, வாயைத் திறப்பார். நான் இப்படிக் கேட்பது உனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டம் வைத்தவள்தானே நீ. பரவாயில்லை. பூதக்கண்ணாடிக்குக் கையெழுத்துப் போடும் பொறுப்பும் வந்துவிட்டது, அதையும் நினைத்துக்கொள்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

இந்த மாதத்தின் இரண்டு சீட்டும் இருக்கின்றன. 3ஆம் தேதிச் சீட்டைத் தனியாகவும் அனுப்பியிருந்தேன், இது நகல். 17ஆம் தேதியது புதிது, எண்ணிக்கை 7000. ஏறியிருக்கிறது பார்.

லேபுக்கு அவரை இழுத்துக்கொண்டு போவது இனி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறார். அவரே வந்து ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் ஒட்டித் தருகிறார். பள்ளிக்குப் போகும் வழியில் நான் லேபில் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தேன், மாலையில் சீட்டு வாங்கினேன். எல்லோருக்கும் சௌகரியம்.

மருத்துவர் அரை மாத்திரை கூட்டியிருக்கிறார். மருந்துச் சீட்டில் பார்த்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. இவர் லேசாக ஏதோ சந்தேகப்பட ஆரம்பித்தார், அதை மருத்துவரிடம் சொன்னேன். இப்போது அமைதியாக இருக்கிறார்.

அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள தங்கைக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைப் பற்றி நீ ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறாய். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சீட்டில் 17ஆம் தேதி, திங்கட்கிழமை. கடிதத்தில் வெள்ளிக்கிழமை என்கிறாய். எது சரி? அந்த நர்ஸ் எந்த மருத்துவமனையில் வேலை செய்கிறார்? ஊசி குத்தும்போது நீ பக்கத்தில் இருந்தாயா? மாப்பிள்ளை எதைப் பற்றிச் சந்தேகப்பட்டார்? அரை மாத்திரை கூட்டும் அளவுக்கு வந்த சந்தேகத்தை ஒரு வரியில் எழுதக்கூடவா உனக்கு நேரமில்லை?

கோபித்துக்கொள்ளாதே, அந்த லேபுக்குப் போன் செய்தேன். வேறொரு கடையில் கள்ள முத்திரை குத்திய சீட்டுகளைக் கொடுத்து ஆறு மாதம் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், அந்தக் கதை எங்களுக்குச் சுற்றறிக்கையாக வந்தது. மனசு கேட்கவில்லை. லேபில் எடுத்துப் பார்த்து, "எங்க சீட்டுதாங்க, எங்க முத்திரைதாங்க" என்றார்கள். நம்பினேன். பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

தொண்டை வலி, காய்ச்சல் எதுவும் இல்லையே? இருந்தால் மறைக்காதே.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

நீ வேலை பார்ப்பது மருந்துக்கடையா, போலீஸ் ஸ்டேஷனா? லேபில் இருக்கும் பெண் என்னைப் பார்த்து, "உங்க அக்கா விசாரிச்சாங்களே, ஏதாவது பிரச்சினையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெள்ளி என்று எழுதியது கைத்தவறு. ஒரு கிழமையை மாற்றி எழுதினால் நான் கள்ளியா?

அவர் என்ன சந்தேகப்பட்டார் என்று கேட்டாயே. "இவ்வளவு ரத்தம் எங்க போகுது?" என்று கேட்டார். இரண்டாவது முறை லேபிலிருந்து திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில். போன வருஷமும் இப்படித்தானே ஆரம்பித்தது. "தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார், அப்புறம் குழாயை அடைத்தார், அப்புறம் ஜன்னல். போதுமா?

சூடு கண்ட பூனை நான். நீ இரண்டு பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம்தான், அதை மறைக்கவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 17

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா, அத்தான், நான் மூவரும் நலம். நீ நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் கடைசிக் கடிதத்துக்கு அப்புறம் மார்ச் மாதச் சீட்டு இரண்டு வந்தன, இந்த வாரம் ஒன்று. மூன்று உறையிலும் கடிதம் இல்லை. லேபுக்குப் போன் செய்தது தப்புதான். ஒப்புக்கொண்டு மார்ச்சிலேயே எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. எண்ணிக்கை என்னவோ 8800, 9300 என்று பிரமாதமாக ஏறுகிறது. எங்கள் கடையில் இந்த மாத்திரை வாங்கும் பத்துப் பேரில் மாப்பிள்ளையின் சீட்டுதான் முதல் தரம். முதலாளிகூடச் சொன்னார்.

சீட்டு நன்றாக இருக்கிறது, நீ நன்றாக இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உறையின் மேல் உன் கையெழுத்து சாய்ந்து கிடக்கிறது. அவர் உன்னை அடிக்கிறாரா? மறுபடி பூட்டி வைக்கிறாரா? யாராவது பக்கத்தில் நின்றுகொண்டு எழுத விடாமல் தடுக்கிறார்களா? ஆமாம் என்றால் அடுத்த சீட்டின் பின்பக்கம் ஒரு புள்ளி வை. நான் புரிந்துகொள்வேன். வந்துவிடு என்று போன வருஷம் சொன்னேன், நீ வரவில்லை. அறை இன்னமும் காலியாகத்தான் இருக்கிறது.

பதில் போடு, குட்டி.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்ததே இல்லை. கொஞ்ச நாளாகப் பித்தம், தலைசுற்றல், அதனால்தான் எழுதவில்லை. சீட்டு இருக்கிறது, 9600. மறுபக்கம் புள்ளி எதுவும் இல்லை, திருப்பித் திருப்பிப் பார்க்காதே.

தங்கை


மே 19

குட்டி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே படி. காலையிலிருந்து உனக்கு ஐந்து முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பள்ளியில் கேட்டால் லீவு என்கிறார்கள். மாப்பிள்ளை எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். அவரிடம் என்னவென்று சொல்வது, கலங்கிவிடுவாரே என்று பயம்.

நேற்று ஆய்வாளர் வந்தார். இந்த மாத்திரைக்கான கோப்புகளை எல்லாம் விரித்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் கோப்பை மூடும்போது, "இவ்வளவு சுத்தமான ஃபைல நான் பார்த்ததே இல்லை மேடம்" என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. யாராவது புகழ்ந்தால் எங்கோ இடிக்கும். அவர் போனதும் ஒன்பது சீட்டையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். வெள்ளை அணு வரியை விட்டு, முதல் முறையாக அடுத்த வரியைப் படித்தேன். ஹீமோகுளோபின்.

ஜனவரி 14.6. பிப்ரவரி 3ஆம் தேதி 14.4. பிப்ரவரி 17ஆம் தேதி 11.9. பதினாலு நாளில் ஒரு ஆம்பிளைக்கு இவ்வளவு குறைய வேண்டுமானால் எங்காவது ரத்தம் கொட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம் 11.5, 11.2, 10.8 என்று இறங்கி, போன வாரச் சீட்டில் 10.1. வெள்ளை அணு ஏறிக்கொண்டே போகிறது, இது இறங்கிக்கொண்டே போகிறது. இந்த மாதிரிச் சீட்டுகளை நான் தினமும் பார்க்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கொண்டுவருவார்கள்.

அது மாப்பிள்ளையின் ரத்தம் இல்லை. உன்னுடையது. உனக்கு எத்தனை மாதம்?

லேப் உண்மை, முத்திரை உண்மை, பெயர் மட்டும் பொய். முத்திரையை விசாரித்தவள் ரத்தத்தை விசாரிக்கவில்லை. பரீட்சையில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு கட்டம். நான் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, மூன்று மாதத்துக்கு மேலாக, ரத்தமே பார்க்காத ஒரு மனிதருக்கு என் கையெழுத்தில் மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அதுவும் அரை கூட்டி. உன்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் வரும் கோபம் பெரிது.

மாத்திரை அனுப்பவில்லை. இருப்பதையும் கொடுக்காதே. மருத்துவரிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன், மருத்துவமனையில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போ. அவர் மறுத்தாலும், கத்தினாலும், ஊரே கூடினாலும் சரி.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நாலு மாதம். ஸ்கேனுக்குப் போயிருந்தேன், அதனால்தான் அன்றைக்குப் போன் எடுக்கவில்லை. அப்புறம் பேசியபோது நீ போனில் என் அழுகையைத்தான் கேட்டாய், வார்த்தையைக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையில் அவரை வைத்திருக்கும் கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போக முகமூடி, கையுறை, கால் உறை எல்லாம் மாட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்.

அவருடைய எண்ணிக்கை 1900. தொண்டையில் மூன்று நாளாகக் கரகரப்பு இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு பெட்டி வந்திருந்தால் அவ்வளவுதான் என்று மருத்துவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஊசி போடுகிறார்கள், நேற்று 2300. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். அந்த மாத்திரை இனி ஜென்மத்துக்கும் இல்லை. பழைய மாத்திரைக்கே மாற்றிவிட்டார்கள். போன வருஷம் கேட்காத மாத்திரை.

பஸ் நிறுத்தத்தில் அவர் அந்தக் கேள்வி கேட்டதும், இனி ரத்தம் கொடுக்க மாட்டார் என்று முடிவுகட்டினேன். வற்புறுத்தினால் மாத்திரையையும் துப்பிவிடுவார். சீட்டு இல்லையென்றால் நீ மாத்திரை தர மாட்டாய், தங்கை என்று பார்க்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். மறுபடி அந்த ஜன்னல்கள், அந்த ஆணிகள். அவர் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஒரு முறை மட்டும் என் கையை நீட்டுகிறேன் என்று நினைத்தேன். நர்ஸிடம் எனக்குத்தான் சோதனை என்றேன், பெயர்ச் சீட்டை நான் ஒட்டினேன். ஒரு முறை சரியாகப் போனது, அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவரைப் பைத்தியம் ஆகாமல் காப்பாற்றுகிறேன் என்று அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அக்கா. இதை வேறு எந்த வார்த்தையிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளை விஷயத்தை ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். போன வருஷம் இதே மருத்துவமனை வராந்தாவில் நீ சொன்னாய்: "இவரோட இரு, இல்ல வந்துடு, உன் இஷ்டம். ஒரு பிள்ளைய மட்டும் பெத்துக்காதே." அதற்குப் பிறகு உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அவரிடமும் சொல்லவில்லை. பித்தம் என்றே சொல்லி வந்தேன். போன வாரம்தான், முகமூடி போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள்ளே நின்று சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் வேலைக்கு என்ன ஆகும்? மறைக்காமல் எழுது.

உன் தங்கை


ஜூன் 15

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் வீடு திரும்பி ஆறு நாள் ஆகிறது. எண்ணிக்கை 4700. தாங்களும் அத்தையும் சகலையும் நலமாக இருக்க வேண்டும். அத்தையின் முழங்கால் தேவலையா? தங்கள் முகவரியைப் பழைய பார்சல் உறையிலிருந்து எடுத்தேன். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, விட்டுவிட்டேன்.

தாங்கள் இருவரும் ஆறு மாதமாக என்னைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களை உங்கள் தங்கை என்னிடம் கொடுத்தாள். அவளே கொடுத்தாள், நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தேன். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில், "இவ்வளவு ரத்தம் எங்க போகுது?" என்று கேட்டேன். கேட்டதன் அர்த்தம், சீட்டை எனக்கு யாரும் காட்டவில்லையே, என் எண்ணிக்கை என்ன என்பதுதான். எடுத்தது என் ரத்தம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதே கேள்வியை டாக்டரைத் திட்டிக்கொண்டு கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டதற்கு மறுவாரம் அரை மாத்திரை கூடியது. ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்திருக்கிறோம். சந்தேகத்துக்கும் அதே அளவுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு லேபுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கையை நீட்டியிருப்பேன். சீட்டு இல்லாமல் தாங்கள் மாத்திரை தர மாட்டீர்கள் என்று தங்கள் முதல் கடிதத்தில் படித்திருந்தேன்; மாத்திரை வந்துகொண்டே இருந்ததால், சோதனை முடிந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். பிப்ரவரியில் உங்கள் தங்கையின் இடது முழங்கை மடிப்பில் ஓர் ஊசிப் புள்ளி பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அச்சகத்தில் இருபது வருஷமாகப் புள்ளி பார்க்கிறவன், என் கண்ணுக்கு எப்படித் தப்பும்? மொத்தம் ஏழு. அவள் இளைத்தாள், வாந்தி எடுத்தாள், பித்தம் என்றாள். அவளுக்கு ரத்தத்தில் ஏதோ பெரிய நோய், எனக்குத் தெரியக்கூடாதென்று மறைக்கிறாள் என்று முடிவுகட்டினேன். அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். தொண்டைப் புண்ணைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்திருந்தும், தொண்டை கரகரத்தபோது, இவள் படும் பாட்டில் இது ஒரு கேடா என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். "உன் கையில ஊசிப் புள்ளி இருக்கு, என்கிட்ட எதையோ மறைக்கிற" என்று நான் சொன்னால் அதற்கு என்ன பெயர்? இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டீர்கள். தாங்கள் லேபைச் சந்தேகப்பட்டீர்கள், தங்கையைச் சந்தேகப்பட்டீர்கள், நான் அடிக்கிறேனோ என்றுகூடச் சந்தேகப்பட்டீர்கள். யாருக்கும் மாத்திரை கூடவில்லை. நான் ஒரே ஒரு முறை சரியாகச் சந்தேகப்பட்டேன், அதையும் வாய்க்குள் போட்டு விழுங்கிவிட்டேன்.

குறை சொல்ல எழுதவில்லை. குரல்கள் இன்னும் வரவில்லை. வந்தால் அவளிடமும் மருத்துவரிடமும் நானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதுவதற்குக் காரணம் வேறு.

மருத்துவமனையில் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று. முப்பது கொண்ட அட்டை, அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இன்றோடு இருபத்திரண்டு போயிருக்க வேண்டும். ஒன்பதுதான் போயிருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. மாத்திரை மாற்றப்பட்டவன் நான், இந்தச் சமயத்தில் நான் மாத்திரைகளை எண்ணுகிறேன் என்று தெரிந்தால் அவள் பயந்துபோவாள்.

தாங்கள் வந்து எண்ணிப் பாருங்கள். தங்கள் வாயால் கேட்டால் அது கேள்வியாக இருக்கும்.

பணிவுடன்,
தங்கள் தங்கையின் கணவன்


ஜூன் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். உங்களிடமே நேராக உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு ஆறு மாதம் பிடித்திருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள்?

நடந்ததை எல்லாம் நானே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் சான்றிதழை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சட்டம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் மாத்திரைக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறார்கள். அதில் ஒரு அம்மா கடை வாசலில் நின்று என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பரீட்சையை மறுபடி எழுதலாம் என்கிறார்கள். எழுதுவேன்.

பிள்ளை வேண்டாம் என்று நான் சொன்னதையும் படித்திருப்பீர்கள். அந்த வார்த்தைக்கு என்னை மன்னியுங்கள். அவளிடமும் கேட்பேன்.

நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவளை உட்காரவைத்து நான் கேட்கிறேன். நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடக் கூடாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவள் பயந்தால் பயப்படட்டும், நான் இருக்கிறேன்.

"அட்டையை எடுத்து வையுங்கள், நான் வந்து எண்ணிக்கொள்கிறேன்" என்று மேலே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். என்ன அடித்திருக்கிறாள் என்று நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எண்ண வேண்டியதில்லை. நீங்கள் ஒன்பது என்றால் ஒன்பதுதான்.

அன்புடன்,
அக்கா